போடி மலைச்சரிவில் தேநீர்: பானமும் குவளையும்

முன்னுரை

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. ஏலக்காய் வணிகத்தால் பெயர் பெற்ற இந்நகரை மக்கள் ‘போடி’ என்றே அழைக்கின்றனர். பொட்டிபுரம், கொட்டகுடி, குரங்கணி, போடிமெட்டு ஆகியவை இதனைச் சூழ்ந்த மலையடிவார, மலைச்சரிவு ஊர்களாகும். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பொட்டிபுரத்தின் பெயர் நாடெங்கும் தெரிய வந்தது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த மலைச்சரிவு இங்கிலாந்து வரை தொடர்பு கொண்டிருந்தது. மூணாறு தேயிலை கடலுக்குச் சென்ற வழிகளுள் இதுவும் ஒன்று.

மேலே தேயிலை விளைந்தது. கீழே இறங்கியது. கப்பலேறிச் சென்றது. அதைச் சுமந்தவர்கள் அதைக் குடிக்கத் தொடங்கியது பின்னால்தான். குடிக்கத் தொடங்கிய பிறகு, எதில் குடிப்பது என்ற கேள்வி எழுந்தது. பானத்தின் வரலாற்றைப் போலவே குவளையின் வரலாறும் மக்களின் வாழ்க்கையைச் சொல்லக்கூடியது. இக்கட்டுரை அவ்விரண்டையும் சேர்த்துக் காண்கிறது.

பழைய பானங்களும் கலங்களும்

தமிழர்கள் பல பானங்களைக் கலந்து சுவைத்ததற்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு. நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் கலந்த ‘முந்நீர்’ என்னும் பானத்தை மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாடல் (24) குறிப்பிடுகிறது. யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பற்றிய குறிப்பும் புறநானூற்றில் உள்ளது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகள் இதனை உறுதிப்படுத்துகின்றன.

உழைக்கும் மக்களின் அன்றாடப் பானங்கள் எளியவை. இரவில் சோற்றில் ஊற்றி வைத்த நீரே காலையில் நீராகாரம் ஆகும். கம்பங்கூழும் கேப்பைக்கூழும் மோர் சேர்த்துக் கரைத்துக் குடிக்கப்பட்டன. கோடையில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சையும் சேர்ந்த பானகம் கோயில் விழாக்களில் வழங்கப்பட்டது. மழைக்காலத்தில் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்ட சுக்குத்தண்ணீர் உடலைச் சூடாக்கியது.

இவற்றுக்கான கலங்கள் பெரும்பாலும் கைக்கு எட்டிய பொருள்களால் ஆனவை. பதநீரைப் பனையோலையை மடித்துக் கட்டிய ‘பட்டை’யில் ஊற்றிக் குடிப்பர். ஓலையின் மணம் பதநீரோடு சேரும். குடித்த பின் பட்டையை எறிந்துவிடலாம்; மண்ணோடு மக்கிவிடும். காட்டு வேலைக்குச் செல்பவர் சுரைக்குடுக்கையில் நீர் கொண்டு போனார்கள். மலைமக்களுக்கு மூங்கில் குழாயே குடமும் குவளையும் ஆனது. வீடுகளில் மண்கலயமும், வசதி உள்ள இடங்களில் செம்பும் வெண்கலமும் இருந்தன. தேங்காய்ச் சிரட்டையும் ஒரு குடிகலனாகப் பயன்பட்டது. இந்தச் சிரட்டை பின்னர் வேறொரு பொருள் பெற்றதைக் கீழே காணலாம்.

மலையிலிருந்து இறங்கிய தேயிலை

மூணாறு மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயின. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். காப்பி, சிங்கோனா முதலிய பயிர்களைச் சோதித்துப் பார்த்த பிறகு தேயிலையே அங்கு நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தொடங்கப்பட்டது.

விளைந்த தேயிலையைக் கடலுக்குக் கொண்டு செல்வதே பெரிய சிக்கலாக இருந்தது. இதற்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும். சாயாமல் இருக்க மறுபக்கம் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். மாடுகள் வண்டியை இழுத்தன. 1908இல் இது இரண்டடி அகலமுள்ள இருப்புப் பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின் ஓடியது.

இப்பாதை முடிந்த இடமே இன்றைய ‘டாப் ஸ்டேஷன்’. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் கொட்டகுடி அடிவாரத்திற்கு இறக்கப்பட்டன. நடுவில் இருந்த நிலையம் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ எனப்பட்டது. இன்றும் குரங்கணிக்கு மேலுள்ள அந்த மலையூருக்கு அப்பெயரே வழங்குகிறது. ரயிலே ஓடாத மலைச்சரிவில் ‘ஸ்டேஷன்’ என்ற பெயர் கொண்ட ஊர் இருப்பதன் காரணம் இதுதான். அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டிகள் பெட்டிகளைப் போடிக்குக் கொண்டு வந்தன. பின் அவை தூத்துக்குடி சென்று இங்கிலாந்துக்குக் கப்பலேறின.

1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெய்த பெருமழையில் குண்டளை ரயில் பாதை அழிந்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. மலைவிளைபொருளுக்குப் போடி வாயிலாக அமைந்தது.

இத்தோட்டங்களில் வேலை செய்ய, சமவெளியிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கங்காணிகள் மூலம் அழைத்துச் செல்லப்பட்டனர். கையில் கொடுத்த முன்பணமே பல குடும்பங்களைக் கடனில் கட்டிப்போட்டது. வால்பாறைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரத்தை, அங்கு மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல்தான் இயற்றப்பட்டது. ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னால் இருந்த இந்த உழைப்பை மறந்து அதன் வரலாற்றைச் சொல்ல இயலாது.

காப்பியும் டபராவும்

தேநீருக்கு முன்பே தமிழகத்தில் வேரூன்றியது காப்பி. ஏமன் நாட்டிலிருந்து பாபா புதான் என்னும் சூஃபி ஞானி ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து கர்நாடக மலையில் நட்டார் என்பது வழிவழிச் செய்தி. பயிர் பழையதாயினும், தமிழ் வீடுகளில் காப்பி காலைப் பானமாக ஆனது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்டதைப் பெரியவர்கள் பலர் வெறுத்தனர்; உடலைக் கெடுக்கும் என்று எழுதியும் வந்தனர். ஆயினும் காப்பியே வென்றது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளர்களின் பானமாகவும் பிரிந்து நின்றதை அவர் சுட்டிக்காட்டுகிறார்.

காப்பிக்கெனத் தனிக் குடிகலன் உருவானது குறிப்பிடத்தக்கது. டம்ளரும் டபராவும் இணைந்ததே டபரா செட். டம்ளரின் விளிம்பு வெளிப்புறமாக மடிந்திருக்கும். இதற்கு இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, சூடான உலோகத்தை விளிம்பில் பிடித்துத் தூக்கலாம். மற்றொன்று, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கலாம். எச்சில் பற்றிய தமிழர் வழக்கம் பாத்திரத்தின் வடிவிலேயே இடம்பெற்றிருப்பதை இங்குக் காணலாம். அகன்ற டபராவில் காப்பியை ஊற்றி ஆற்றினால் விரைவில் சூடு தணியும், நுரையும் எழும்.

தொடக்கத்தில் இவை பித்தளையால் செய்யப்பட்டன. புளிப்புப் பட்டால் பித்தளை களிம்பேறும் என்பதால் உட்புறம் ஈயம் பூசப்பட்டது. தெருத்தெருவாக வந்து ஈயம் பூசுவது ஒரு தொழிலாகவே இருந்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அது ‘எவர்சில்வர்’ என்ற பெயரில் தமிழ் வீடுகளை அடைந்தபோது பித்தளையும் ஈயம் பூசும் தொழிலும் மெல்ல மறைந்தன. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர்கள் தவறாமல் இடம்பெற்றன.

தேநீர் மக்களிடம் வந்த விதம்

தேயிலை தொடக்கத்தில் ஏற்றுமதிப் பொருளாகவே இருந்தது. 1903இல் தேயிலை ஏற்றுமதி மீது சிறு வரி விதிக்கப்பட்டு, அப்பணம் தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பப் பயன்பட்டது. 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை தேங்கியபோது, உற்பத்தியாளர்களின் கவனம் இந்திய மக்களின் மீது திரும்பியது. ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் தேநீர் போட்டுக் காட்டப்பட்டது. இலவசமாகவும் கொடுக்கப்பட்டது. தேநீர் தயாரிக்கும் முறையைப் படங்களுடன் விளக்கும் தகடுகள் சுவர்களில் மாட்டப்பட்டன.

இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எந்திரம் 1930களில் அசாமில் உருவானது. இம்முறையில் கிடைத்த சிறு குருணைத் தூள் குறைந்த அளவிலேயே அடர்ந்த சாற்றைத் தந்தது. ஒரு கிலோ தூளில் முன்பைவிட அதிகக் குவளைகள் போட முடிந்ததால் தேநீர் மலிவானது. தமிழகத்தில் இன்றும் டீக்கடைகளில் பெரிதும் பயன்படுவது ‘டஸ்ட்’ எனப்படும் தூளே.

டீக்கடையும் கண்ணாடி கிளாசும்

டீக்கடை தமிழக ஊர்களில் ஒரு பொதுமன்றமாக வளர்ந்தது. கொதிக்கும் பாய்லர், துணி வடிகட்டி, பால் சட்டி, தகரக் குவளை, வரிவரியான கண்ணாடி கிளாஸ், ஒரு நாளிதழ், ஒரு பெஞ்சு ஆகியவையே அதன் உடைமைகள். வாசிக்கத் தெரிந்தவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டனர். அரசியல் செய்தி பல ஊர்களில் இப்படித்தான் பரவியது.

காப்பிக்கு உலோக டம்ளர் என்றால், தேநீருக்குக் கண்ணாடி கிளாஸ். தேநீரின் நிறம் வெளியே தெரிவது இதன் சிறப்பு. ‘ஸ்ட்ராங்’, ‘லைட்’, ‘சர்க்கரை கம்மி’ என்று கேட்பவர், தாம் கேட்டது வந்ததா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். டீ ஆற்றுவது ஒரு தனிக் கலை. ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தி நீளமாக ஆற்றும்போது காற்றுக் கலந்து நுரை எழும். சர்க்கரை முழுவதும் கரையும். வாயில் வைக்கும் பக்குவத்துக்குச் சூடு இறங்கும்.

மலையேறும்போது தேநீரின் பெயரும் மாறும். போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தால் பாலில்லாத தேநீர் ‘கட்டன் சாயா’ ஆகிவிடும். இலங்கை மலையகத் தமிழர்களிடம் அதுவே ‘பிளேன் டீ’. அங்கே சர்க்கரையைத் தேநீரில் போடாமல், உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் வழக்கமும் உண்டு. சர்க்கரையைச் சிக்கனப்படுத்தும் வழி அது.

இரட்டைக் குவளை

தேநீர் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் ஒரே குவளையில் கிடைக்கவில்லை. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றின் டீக்கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குவளை வைக்கப்பட்டது. சில இடங்களில் அது நசுங்கிய அலுமினிய டம்ளர். சில இடங்களில் தேங்காய்ச் சிரட்டை. கடையின் வெளிச்சுவரிலோ கூரை ஓலையிலோ அது செருகப்பட்டிருக்கும். வந்தவரே எடுத்து, கழுவி, நின்றோ தரையில் குத்தவைத்தோ குடித்து, மீண்டும் கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. கையில் கொடுக்கும் காசு மட்டும் ஒரே பெட்டியில் விழுந்தது. இவ்வழக்கமே ‘இரட்டைக் குவளை முறை’ எனப்படுகிறது.

நகரங்களில் இதே வேற்றுமை வேறு வடிவில் இருந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. சுயமரியாதை இயக்கத்தினர் இதனைத் தொடர்ந்து எதிர்த்தனர். 1957இல் பெரியார் ஈ. வெ. ராமசாமி, உணவகப் பெயர்ப் பலகைகளில் உள்ள ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிச் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் முன் பல மாதங்கள் போராட்டம் நடத்தினார்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் ஒரு படி மேலே சென்றது. பொது உணவகங்களில் வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையே குற்றம் என்று அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு குவளைக்காக நாட்டின் சட்டம் எழுதப்பட வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. இச்சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்தவுடன் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. தனிக் குவளையை வைத்தால் வழக்கு வரும் என்று அஞ்சிய சில கடைகளில், ஒரு சாராருக்குக் கண்ணாடி கிளாசும் மற்றவர்க்குத் தூக்கி எறியும் கப்பும் கொடுக்கப்பட்டன. குவளையின் பொருள் மாறியது, எண்ணம் மாறவில்லை. எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு என்ற நிலை, பல ஊர்களில் மக்கள் கேள்வி கேட்டும் போராடியும் பெற்றதாகும்.

ஏலக்காய் சேர்ந்த கிண்ணங்கள்

போடியின் பெயரைப் பானங்களோடு பெரிதும் இணைப்பது ஏலக்காய். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல மையங்கள் கேரளத்தின் புற்றடியிலும் தமிழகத்தின் போடியிலும் செயல்படுகின்றன. இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு மலையடிவார ஊர்களிலிருந்து பெண்கள் நாள்தோறும் ஜீப்பில் ஏறிச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பறித்த காய் உலர்த்தப்பட்டுப் போடிக்கு வந்ததும், அதைப் புடைத்து, நிறமும் அளவும் பார்த்துப் பிரிக்கும் வேலையையும் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்களுக்கு நல்ல விலை உண்டு. வெடித்த காயும் தோலும் மலிவாகக் கிடைப்பதால் டீத்தூளில் தட்டிப் போட ஏற்றவை.

ஏலக்காயை மிகுதியாக விரும்பி வாங்குவோர் அரபு நாட்டினர். அவர்களுடைய ‘கஹ்வா’ என்னும் காப்பியில் ஏலக்காய் கட்டாயம். ‘தல்லா’ என்னும் நீண்ட மூக்குடைய கெண்டியிலிருந்து, பிடியில்லாத ‘பிஞ்சான்’ என்னும் சிறு கிண்ணத்தில் கால் பங்கு மட்டும் ஊற்றிக் கொடுப்பர். கிண்ணத்தை நிரப்பினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள்படும். போதும் என்றால் விருந்தினர் கிண்ணத்தை ஆட்டிக் காட்ட வேண்டும். இவ்விருந்தோம்பல் முறையை யுனெஸ்கோ 2015இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 20ஆம் நூற்றாண்டில் மத்திய அமெரிக்காவின் குவாதமாலா ஏலக்காய் பயிரிட்டு இந்தச் சந்தையில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. அரபுக் கிண்ணத்தில் யாருடைய காய் விழுகிறது என்பதைப் பொறுத்துப் போடியின் விலை ஏறி இறங்குகிறது.

சோடாவும் ஜிகர்தண்டாவும்

வேடிக்கையான குடிகலன் என்றால் கோலி சோடாப் புட்டியைச் சொல்லலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயு ஏற்றும்போது, கழுத்திலுள்ள கோலி ரப்பர் வளையத்தில் விழுந்து அடைக்கும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே மூடியாகிறது. கோலியைக் கட்டை விரலால் அழுத்தினால் ‘டப்’ என்ற ஓசையுடன் திறக்கும். உலகின் பல இடங்களில் மறைந்த இப்புட்டி தமிழகத்தில் நீண்ட காலம் வாழ்ந்தது.

அருகிலுள்ள மதுரையின் புகழ்பெற்ற பானம் ஜிகர்தண்டா. காய்ச்சிய பால், பாதாம் பிசின் அல்லது கடற்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் ஆகியவை இதில் சேரும். பெயர் உருதுச் சொற்களால் ஆனது. ‘ஜிகர்’ ஈரலையும் நெஞ்சையும் குறிக்கும். ‘தண்டா’ என்பது குளிர்ச்சி. உருதுப் பெயரும் தமிழ் நன்னாரியும் ஒரே கண்ணாடிக் குவளையில் கலந்திருப்பது இப்பானத்தின் அழகு.

இன்றைய குவளைகள்

கண்ணாடி கிளாசின் இடத்தைப் பிளாஸ்டிக் கப்பும், பின்னர் காகிதக் கப்பும் பிடித்தன. காகிதக் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது எளிதில் மக்காது. 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தபோது, பிளாஸ்டிக் கப்புகளும் பூச்சுள்ள காகிதக் கப்புகளும் அப்பட்டியலில் இருந்தன. 2004இல் ரயில்களில் மண் குவளை கொண்டுவரப்பட்டதும் இவ்வகை முயற்சியே.

மலை மேலே உழைப்பவர்களின் நிலையும் பேசப்படத் தொடங்கியது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீத போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று அறியப்பட்ட அவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்தனர். இலையைக் கிள்ளிய கைகள் தமக்குரிய பங்கைக் கேட்ட நிகழ்வு அது. 2023 ஜூன் மாதம் அகலப் பாதையாக்கப்பட்ட போடி ரயில் பாதையில் மீண்டும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது.

முடிவுரை

பனையோலைப் பட்டை, சிரட்டை, டபரா, எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி கிளாஸ், காகிதக் கப் என்று குடிகலன்கள் மாறி வந்துள்ளன. ஒவ்வொரு கலனும் தன் காலத்தின் தொழிலையும் வசதியையும் மட்டுமல்லாமல், மனிதர் மனிதரை நடத்திய விதத்தையும் காட்டுகிறது. கம்பிவடத்தில் தேயிலை இறங்கிய கொட்டகுடி மலைச்சரிவில் இன்று காப்பிச் செடிகளும் மாமரங்களும் இலவ மரங்களும் வளர்கின்றன. அடிவாரத்து டீக்கடையில் ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீர் கிடைக்கிறது. யார் வந்து கேட்டாலும் அதே கிளாசில், அதே பெஞ்சில் அது கிடைக்கும்போதுதான் அதன் சுவை முழுமை பெறும்.